5 டன் என்றால் எத்தனை அடி தூரத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில், 'மரம் ஏற்றும் கிராப் லாரி, 5 டன் தூக்கும், உடனடி டெலிவரி' என்று ஒரு விளம்பரம் வந்திருந்தது. கிராப் லாரி என்றால், கட்டையைக் கவ்வித் தூக்குகிற கிரேன் வைத்த லாரி. டீக்கடைப் பேப்பரிலிருந்து அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் அக்கா மகன் வீட்டுக்கே வந்துவிட்டான். "மாமா, அஞ்சு டன்னாம். நம்ம தொழிலுக்குப் போதும்ல?" என்று கேட்டான். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு போதும் என்றோ போதாது என்றோ யாராலும் சொல்ல முடியாது. ஐந்து டன் சரி, எத்தனை அடி தூரத்தில்? அது அதில் இல்லை. இதே மாதிரி ஒரு ஐந்து டன்னை நம்பி நான் கையைச் சுட்டுக்கொண்டவன். அதைச் சொன்னால் என் அக்கா மகனைப் போல இன்னும் நாலு பேருக்குக் காசு மிஞ்சும் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதில் வருத்தம் கிடையாது.

எனக்கு ஊர் மதுரை ஒத்தக்கடை, தொழில் மரம் வெட்டுவது. அப்பா காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற ரம்பம். இன்று எல்லாம் மிஷின் ரம்பம். மேலூர், நத்தம், அலங்காநல்லூர், திருமங்கலம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். வீட்டுச் சுவரை இடிக்கிற வேம்பு, காற்றில் சாய்ந்த வாகை, ரோடு அகலமாக்கும்போது ஏலத்தில் விடுகிற புளியமரம். மரம் வெட்டுகிறவன் என்றால் வெட்டுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். வெட்டுவது அரை நாள் வேலை. வெட்டியதை அங்கிருந்து அப்புறப்படுத்துவது ஒன்றரை நாள். எங்கள் ஆட்களின் இடுப்பு போவதும் விரல் போவதும் அந்த ஒன்றரை நாளில்தான்.

முன்பு லாரிப் பக்கவாட்டில் இரண்டு வாரைகளைச் சாய்த்து, கட்டைக்கு அடியில் கயிறு கொடுத்து, மேலே நாலு பேர் இழுக்க, கீழே நாலு பேர் தள்ள, உருட்டி ஏற்றுவோம். என் சித்தப்பா மகனுக்கு இடது காலில் மூன்று விரல் இல்லை. கயிறு ஒரு பக்கம் நழுவியதில் கட்டை திரும்பி இறங்கியது. அப்புறம் ஜேசிபி வைத்துப் பார்த்தோம். அது மண் அள்ளப் பிறந்த வண்டி, கட்டையை அள்ளுகிறேன் என்று நல்ல மரத்தில் பாதியைப் பிளந்து வைக்கும். ஹைட்ரா கிரேன் தூக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒருவன் போய்ச் சங்கிலி மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். தொங்குகிற கட்டைக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஓர் ஆள். கிராப் லாரியின் பெருமையே அந்த ஆள் தேவையில்லை என்பதுதான். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பேர் நண்டு. கவ்வும், தூக்கும், திருப்பும், வைக்கும்.

அதை நான் முதலில் கண்ணால் பார்த்தது 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபிறகு. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் விழுந்ததை அகற்றப் போயிருந்தோம். ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்த மரங்களில் எதை முதலில் தொடுவது என்றே தெரியாது. பக்கத்துத் தோப்பில் ஒரு கிராப் லாரி, டிரைவரும் இன்னொருவருமாக, எங்கள் எட்டுப் பேரின் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்பியது. ஊருக்குத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

2019-இல் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். 2012 மாடல், ஆறு சக்கர லாரி. கேபினுக்குப் பின்னால் கிரேன், நுனியில் கிராப். விற்றவர் சொன்னது அதே வார்த்தைதான்: ஐந்து டன். நான் வேறு எதையும் கேட்கவில்லை. நகைக்கடன், கைமாற்று, மாட்டை விற்ற காசு எல்லாம் அதற்குள் போனது.

மூன்றாவது மாதம். அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லின் காம்பவுண்டுக்குள் நின்ற புளியமரம். வண்டி உள்ளே போக வழியில்லை. வெளியே நிறுத்தி, சுவருக்கு மேலாகக் கிரேனின் கையை நீட்டிக் கட்டையை எடுக்க வேண்டும். 12 அடி நீளம், 7 அடி சுற்றளவு. நாங்கள் மரக்கடைக் கணக்கு போடுகிற ஆட்கள். சுற்றளவில் கால் பங்கு எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. 36 முக்கால் வந்தது. பச்சைப் புளி, கன அடி 30 கிலோ என்று வைத்தால் 1,100 கிலோ. ஐந்து டன் வண்டிக்கு இது கொசு என்று நினைத்தேன்.

கவ்வியது, தூக்கியது. சுவர் உயரம் வந்ததும் இந்தப் பக்கம் இருந்த சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அந்தப் பக்கம், வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் விரித்து ஊன்றுகிற ஜாக்கிக் காலை நாங்கள் சாக்கடை மூடியின் மேல் ஊன்றியிருந்தோம். மூடி விரிசல் விட்டு, கால் இறங்கி, கட்டை சுவரின் மேல் போய் உட்கார்ந்தது. பதினைந்து அடிச் சுவர் காலி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். சுவர் கட்டிக் கொடுக்க 40,000 ரூபாய் ஆனது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் படித்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாலிடெக்னிக் முடித்த என் மருமகன்.

முதல் தப்பு மரக்கடைக் கணக்கில். அந்தக் கால் சுற்றளவுக் கணக்கு, அறுக்கும்போது போகிற பக்கவாட்டுக் கழிவை விட்டுவிட்டு மரத்தை அளப்பது. விலை பேச அது சரி. ஆனால் கிரேன் கழிவையும் சேர்த்துத்தானே தூக்குகிறது? உண்மையான கன அளவு அதைவிடக் கால் பங்குக்குமேல், சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 27, கூட இருக்கும். 36 முக்கால் கன அடி என்று நான் போட்டது உண்மையில் 47-க்குப் பக்கம். எடை 1,400 கிலோ. என் தொழிலில் முப்பது வருடம் கழித்து இதைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் மரக்கடைக் கணக்கில் எடை போடுகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

இரண்டாவது தப்பு அந்த ஐந்து டன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் நடக்கலாம். கையை நீட்டிப் பிடித்துப் பத்தடி நடக்க முடியுமா? கிரேனும் அப்படித்தான். அதனால் அதன் பலத்தை டன்னில் சொல்வதில்லை, டன்-மீட்டரில் சொல்கிறார்கள். தூக்கும் எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. என்னுடையது 10 டன்-மீட்டர் கிரேன். கிரேன் நிற்கிற கம்பத்திலிருந்து 2 மீட்டரில், அதாவது ஆறரை அடியில், 5 டன். விற்றவர் பொய் சொல்லவில்லை பாருங்கள்! 13 அடியில் இரண்டரை டன். 26 அடிக்கு நீட்டினால் ஒன்றே கால். அந்த ஒன்றே காலிலும், நீட்டிய கையின் சொந்த எடை கொஞ்சம் தின்னும். நுனியில் தொங்குகிற கிராப்பும் அதைச் சுற்றுகிற ரோட்டேட்டரும் சேர்ந்து 250, 300 கிலோ. அதையும் கழித்தால் கட்டைக்கு மிஞ்சுவது 900 கிலோகூடத் தேறாது. நான் சுவருக்கு மேலே தூக்கப் பார்த்தது 1,400. முறையாக இருந்தால் அந்த எடைக்குக் கிரேன் தூக்காமல் நின்றிருக்க வேண்டும். பாரம் மீறினால் எண்ணெய் பிரஷரை வெளியே விட்டுக் கிரேனை நிறுத்துகிற ரிலீஃப் வால்வைத் திருகி, பிரஷரைக் கூட்டி வைத்து விற்றிருக்கிறார்கள் என்று பின்னால் மெக்கானிக் சொன்னார். ஆறரை அடியில் எந்தக் கட்டை கிடக்கிறது? அங்கே லாரியின் சக்கரம்தான் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கிரேன் வாங்கப் போகிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. கிரேனுக்கும் எடை உண்டு. என் லாரி ஆர்.சி.யில் மொத்த எடை 16.2 டன். 2018-இல் இரண்டு அச்சு லாரிக்கு 18.5 டன்னாக உயர்த்தினார்கள். ஆனால் என் வண்டி அதற்கு முந்தியது, ஆர்.சி.யில் உள்ளதுதான் கணக்கு. கிரேன் வைப்பதற்கு முன் காலி வண்டி 6.6 டன். கிரேன், அதைத் தாங்கும் சப்ஃபிரேம், ஜாக்கிக் கால், கனத்த தகடு போட்ட தரை எல்லாம் சேர்த்து எடைமேடையில் ஏற்றினால் 9.8. ஆக 9.6 டன் ஏற்றிய லாரியில் இனி 6.4 டன்தான். ஒரே நடையில் போன மரம் இரண்டு நடை. டீசல் இரட்டிப்பு. தெரியாமல் பழைய கணக்கிலேயே ஏற்றிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் பாரத்தை நடுரோட்டில் இறக்குகிற செலவும் நம்முடையதே.

எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போன இடத்தில் இன்னொன்று. "ஆர்.சி.யில் கிரேனே இல்லையே" என்றார்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் 52-ஆவது பிரிவின்படி முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். விற்றவர் செய்யவில்லை, நான் பார்க்கவில்லை. அந்த வண்டியை ஒன்றரை வருடத்தில் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன்.

2022-இல் இரண்டாவது வண்டி. இந்த முறை புது சேசிஸ், 18.5 டன். எல்லாரும் பெரிய கிரேனாகப் போடச் சொன்னார்கள். நான் சின்னதாக்கினேன், 8 டன்-மீட்டர். பாடியையும் லேசாகக் கட்டினேன். காலி எடை 8.7 டன், ஏற்ற 9.8 டன் மிச்சம். தூரத்தில் கிடக்கிற கட்டையை டிராக்டரில் சங்கிலி கட்டி வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளலாம், அதற்காக ஒரு டன் இரும்பை வருடம் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. கனமான அடிமரம் வந்தால்? விறகுக்குப் போவது என்றால் நாலடித் துண்டாகப் போட்டுவிடுவேன். மில்லில் அறுக்கப் போகிற வேம்போ தேக்கோ என்றால் நீளம் குறைந்தால் விலை போய்விடும். அப்படி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும், அன்றைக்கு மட்டும் ஹைட்ராவை வாடகைக்கு எடுப்பேன். நம் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு நாள் என்ன தூக்குகிறோமோ அதற்குத்தான் வண்டி வாங்க வேண்டும் என்பது என் கட்சி. நீளக் கட்டை மட்டுமே எடுக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்களுக்குப் பெரிய கிரேனும் பத்துச் சக்கர லாரியும்தான் சரி.

அதே போல் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலம் அகற்றுகிறவர்கள் என் வண்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன நேரத்தில் நானும் மானாமதுரைப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். அது எடை இல்லாத பாரம். லாரி கூம்பாக நிறைந்திருக்கும், எடைமேடையில் மூன்று டன் காட்டும். அதற்கு உயரமான பக்கப்பலகை, சின்னக் கிரேன், ஐந்தாறு விரல் உள்ள கிராப். கட்டைக்கு உள்ள இரண்டு தாடைக் கிராப்பில் முள்ளுக் கொப்பை அள்ளினால் பாதி வழியில் உதிரும். இன்னொன்று, அந்த முள் டயரை மட்டும் குத்தாது. உரசி உரசி ஹைட்ராலிக் ஹோஸையும் பதம் பார்க்கும். நுனிப் பக்கம் ஹோஸ் எல்லாம் இரும்புக் காப்புக்குள் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜாக்கிக் கால் விரிகிற அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். அகலமாக விரிந்தால்தான் வண்டி சாயாது. ஆனால் மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கிற சந்துகளில் இரண்டு காலையும் விரித்தால் சைக்கிள்கூடப் போகாது. பழைய ஊருக்குள் நான் ராத்திரியில்தான் வேலை ஒப்புக்கொள்கிறேன், ஒரு பக்கக் காலை மட்டும் முழுதாக விரித்து, அந்தப் பக்கம் மட்டுமே தூக்குவேன். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். மழை பெய்த மறுநாள் கால் முட்டளவு உள்ளே போகும். நாலு அங்குலக் கனத்தில் இரண்டடிச் சதுரமாகப் புளியம்பலகை நாலு எப்போதும் வண்டியில் கிடக்கும். சாக்கடை மூடியின் மேல் பலகை போட்டும் ஊன்றுவதில்லை. அது சொந்தக் காசில் படித்த பாடம்.

கரண்ட் கம்பி விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. "லாரிக்கு ரப்பர் டயர்தானே, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். ஜாக்கிக் காலை ஊன்றியபிறகு ரப்பராவது ஒன்றாவது, இரும்பு நேராக மண்ணில் நிற்கிறது. கை கம்பியில் பட்டால் வண்டி முழுக்கக் கரண்ட். கீழே மண்ணில் நின்று லீவரைப் பிடித்திருப்பவன் வழியாகத்தான் அது இறங்கும். எங்கள் ஊர் மரங்களில் பாதி, கம்பிக்கு அடியில்தான் நிற்கின்றன. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கையை விரிப்பதில்லை, வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. நான் வாங்கியது மேலே உட்கார்ந்து இயக்குகிற வண்டி. அது கரண்டிலிருந்து காப்பாற்றும் என்பதற்காக இல்லை. கீழே நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று தெரியாது, மேலே இருந்தால் தெரியும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு நல்ல கட்டையைக் கவ்வி ஆள் உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். கட்டை இறங்கியிருந்தால் சீலோ வால்வோ போய்விட்டது என்று அர்த்தம். கைகள் மடங்குகிற இடத்தில் பின்னையும் புஷ்ஷையும் பாருங்கள், நுனியைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆடக் கூடாது. வெல்டிங் மேல் புதுப் பெயிண்ட் மட்டும் தனியாக மின்னினால் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். விற்கிறவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இனி நான் கேட்க வந்தது. ஒவ்வொரு கிரேனுக்கும் லோடு சார்ட் என்று ஒரு அட்டவணை உண்டு, எத்தனை மீட்டரில் எவ்வளவு தூக்கலாம் என்று. என் முதல் வண்டியிலும் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில், எண்ணெய்க் கறை ஏறி, கையால் மறைக்கிற அளவுக்குச் சின்னதாக. லீவரைப் பிடிக்கிற பையன் எட்டாவது வரை தமிழில் படித்தவன். அவனுக்கு மீட்டர் வேண்டாம், அடி வேண்டும். டன் வேண்டாம், கிலோ வேண்டும். கிராப்பின் எடையைக் கழித்துவிட்டுக் கட்டைக்கு என்ன மிச்சம் என்பது வேண்டும். கரூர், நாமக்கல், திருச்செங்கோடு என்று பாடி கட்டுகிறவர்களும் போர் போடுகிற ரிக் வண்டி செய்கிறவர்களும் நிறைந்த நம் பக்கத்தில், இந்த ஒரு தகட்டைத் தமிழில் அடித்து ஒட்டுவது எவ்வளவு செலவாகும்? நீங்களும், இது மாதிரி விளம்பரம் கொண்டுவருகிறவர்களிடம் 'எத்தனை அடியில்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லலாம். ஒரு வரி கூடினால் உங்களுக்கும் வருமானம்தானே.

என் அக்கா மகன் அந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தான். 20 அடியில் எவ்வளவு தூக்கும் என்று கேட்டான். "அதெல்லாம் சூப்பரா தூக்கும் தம்பி, நேர்ல வந்து பாருங்க" என்றார்களாம். போகவில்லை.

என் வண்டியின் வலது கதவில் பெயிண்டர் ஒருவரை வைத்துத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: 10 அடி 2,200 கிலோ, 15 அடி 1,300 கிலோ, 20 அடி 900 கிலோ, 25 அடி 600 கிலோ. கிராப் போக, கொஞ்சம் குறைத்தே எழுதியது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வண்டி ஒத்தக்கடையில்தான் நிற்கும். வந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்களை மட்டும் அப்படியே உங்கள் கதவில் எழுதிவிடாதீர்கள், அது என் கிரேனுக்கு உள்ளது.

இப்படிக்கு,
மரம் வெட்டும் தொழிலாளி,
ஒத்தக்கடை, மதுரை.
(பெயர் போட வேண்டாம், சுவர் கட்டிக் கொடுத்த கதை சம்பந்தி வீட்டுக்கு இன்னும் தெரியாது.)